பிள்ளை வண்டி போகாத தெரு

மஞ்சணத்திப்பேரியின் தேரடித் தெருவில் சக்கரங்கள் நின்றுபோனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டே காலுக்கு. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் அந்த வண்டியை அவர்கள் எப்படிப் பார்த்துப் பார்த்து எடுத்தார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் பேசியவர்கள் எல்லாரும் சந்தனமாரி திமிருக்கு வண்டி வாங்கினாள், ஊரைச் சீண்டுவதற்கென்றே வாங்கினாள் என்று பேசினார்கள். அது பொய்.

சந்தனமாரிக்கும் டைல்ஸ் ஒட்டும் உச்சிமாகாளிக்கும் பிறந்த மகிழினி, இரண்டு பாதங்களும் உள்பக்கமாக மடங்கிப் பிறந்தாள். பத்தாவது மாதத்தில் திருநெல்வேலி பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா அந்தப் பாதங்களைக் களிமண்ணைப் பிடிப்பதுபோல மெல்லப் பிடித்துத் திருப்பி, விரல் நுனி மட்டும் தெரிய, தொடை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு, செவ்வாய்க்கிழமைதோறும் கட்டை மாற்ற வர வேண்டும், கட்டெல்லாம் முடிந்த பிறகு ஒரு இரும்புப் பட்டையில் மாட்டிய சப்பாத்துகளைப் போட்டுக் கால்களை அகட்டியே வைத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு பிள்ளை ஓடும் பாருங்கள் என்று சொன்னார். மாவுக்கட்டுப் போட்ட பிள்ளையை இடுப்பில் வைக்க முடியாது, அதன் கால்கள் தாயின் இடுப்பைக் கவ்வாது, இரண்டு உலக்கைகளைப்போல நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு வண்டி வாங்கிவிடுங்கள், ஒன்றே ஒன்று போதும், நல்லதாகப் பார்த்து வாங்குங்கள் என்றதும் அந்த டாக்டரம்மாதான்.

அப்படித்தான் அவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கடைக்குப் போனார்கள். கடைக்காரப் பையன் ஸ்ட்ரோலர் என்று சொல்ல, சந்தனமாரி பிள்ளை வண்டி என்று சொல்ல, இரண்டும் ஒன்றுதான் என்று தெரிய அரை நிமிஷம் ஆனது. முதலில் வந்தது குடைமாதிரி மடங்குகிற ஒன்று, கைக்கு இலகுவாக, சக்கரம் நான்கும் வடையளவுக்கு. இரண்டாவது நீலநிறத்தில், மேலே கூரை வைத்து, முன்னால் பொத்தானை அழுத்தினால் பாட்டுப் படிக்கிற ஒன்று. உச்சிமாகாளிக்கு அது பிடித்துவிட்டது, பொத்தானை நான்கு தடவை அழுத்திப் பார்த்தான்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. கால் எங்க வைப்பா?" என்றாள் சந்தனமாரி. உட்காரும் இடத்தில் இருபக்கமும் கம்பி ஏறி நின்றது. பட்டை மாட்டிய கால் அதற்குள் அடங்காது.

மூன்றாவது ஒன்று மூலையில் தூசியோடு கிடந்தது. கறுப்பு நிறம், முன்னால் ஒன்று பின்னால் இரண்டு என்று மூன்றே சக்கரம், காற்றடிக்கிற டயர், சின்னச் சைக்கிளுக்கு உள்ளதுபோல. இருக்கை தாம்பாளம்போல அகலம், பக்கவாட்டில் தடுப்பில்லை, வாரை இழுத்தால் பின்பக்கம் படுக்கையாகச் சாயும். அவள் தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு சக்கரத்தையும் பெருவிரலால் அழுத்தினாள், பிரேக்கைப் போட்டுத் தள்ளினாள், பிள்ளையை உட்காரவைத்து வாரை மாட்டினாள், பிறகு ஒன்றும் சொல்லாமல் வண்டியைக் கடைக்கு வெளியே, சாக்கடைக்காகத் தோண்டிப் போட்டிருந்த ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

"அக்கா, அக்கா, இதெல்லாம் மால்ல தள்ளுறதுக்கா!" என்று பின்னால் ஓடிவந்தான் அந்தப் பையன்.

"எங்க ஊர்ல மால் இல்ல தம்பி. கல்லுதான் இருக்கு." அவள் குழியில் இறக்கி ஏற்றினாள். பிள்ளை சிரித்தது. "இதையே போட்டுரு."

இதில் திமிர் எங்கே இருக்கிறது என்று யாராவது சொல்லட்டும்.

அவர்கள் குடியிருந்த காலனியிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு வர இரண்டு வழி. ஒன்று தேரடித் தெரு, இருநூற்றுப் பத்தடி நீளம், சிமெண்டு போட்டது. இன்னொன்று குளத்தங்கரையைச் சுற்றி மூன்று கிலோமீட்டர், கருவேல முள்ளும் ஓடைக்கல்லுமாக. தேரடித் தெருக்காரர்கள் தங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள், எங்கள் தெருவில் இப்போதெல்லாம் யாரும் யாரையும் செருப்பைக் கழற்றச் சொல்வதில்லை, காலம் மாறிவிட்டது என்று. அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. காலனிக்காரன் சைக்கிளானாலும் பைக்கானாலும் தெருமுனையில் இறங்கி உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும், மறுமுனையில் போய்த்தான் ஏற வேண்டும். அந்தத் தெருவின் பதினாறு வீடுகளில் ஒன்பது வீட்டுத் தரை உச்சிமாகாளி குனிந்து முட்டி தேயப் பதித்தது. அவனும் உருட்டிக்கொண்டுதான் போனான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை தெருமுனையில் மூன்று பேர் நின்றார்கள். நடுவில் நின்றவர் பரமகுரு, பதவி போய்ப் பத்து வருஷமாகியும் ஊரே பிரசிடெண்ட் என்று கூப்பிடுகிறவர். அவருடைய இளைய மகன் தங்கப்பழம் புல்லட்டில் சாய்ந்து நின்றான். மூன்றாவது ஆள் பேசவில்லை, பேச்சுக்குத் தலையாட்டினார்.

"ஏலே உச்சி, நில்லு. அது என்னது?" என்றார் பரமகுரு.

"பிள்ளை வண்டி ஐயா. பாப்பாவுக்குக் கால்ல கட்டு, ஆஸ்பத்திரிக்கு..."

"கட்டு தெரியுது. பிள்ளை சக்கரத்து மேல உட்கார்ந்திருக்கே, அதைக் கேக்கேன்."

சந்தனமாரிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது சிரிப்பு வந்தது, சிரிக்கிற விஷயமில்லை என்று தெரிந்ததும் அடங்கியது. "பத்து மாசப் பிள்ளை ஐயா," என்றாள்.

"பத்து மாசத்துல விட்டா பத்து வயசுல சைக்கிள்ல வரும், இருபது வயசுல கார்ல வரும்," என்றார் பரமகுரு, கோபமே இல்லாமல், கணக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதுபோல. "பிள்ளையத் தூக்கிக்க. வண்டிய அவன் மடக்கித் தோள்ல வச்சுக்கிடட்டும். அந்த முனையில போய் உட்கார வையி. யாரு வேண்டாம்னா?"

ஆஸ்பத்திரியில் ஒன்பது மணிக்குச் சீட்டுக் கொடுக்கிற ஜன்னலை மூடிவிடுவார்கள். அதனால் அவள் தூக்கினாள். செங்கல் சுமந்த கைதான், தூக்க முடியாமல் இல்லை. வாரைக் கழற்றி, பிள்ளையை வாரியெடுத்து, மாவுக்கட்டின் விளிம்பு இடுப்பெலும்பில் அரம்போல் அறுக்க, வண்டி எங்கே வண்டி எங்கே என்பதுபோலப் பிள்ளை பின்னால் திரும்பிக் கைநீட்டி அழ, தன் கைப்பட்ட தரைகள் உள்ளே பளபளக்கிற வீடுகளைத் தாண்டி உச்சிமாகாளி வண்டியைத் தோளில் வைத்துத் தலைகுனிந்து வர, இருநூற்றுப் பத்தடியும் நடந்தாள். அந்த முனையில் பிள்ளையை உட்காரவைத்து வாரை மாட்டினாள். "இனிமே தூக்க மாட்டேன்," என்றாள் புருஷனிடம். "முடியாமக் கெடையாது. மாட்டேன்."

அவளுக்குப் பின்னால், தெருவுக்குள், தங்கப்பழம் புல்லட்டை உதைத்தான். எஞ்சின் உறுமியது, கியர் விழுந்தது, புகை வந்தது. சக்கரம் சுற்றவில்லை.

முதலில் புல்லட். அன்று மதியத்துக்குள் தெருவிலிருந்த பதினோரு பைக்கும், இரண்டு காரும், பால்வண்டியும், சைக்கிள்களும். இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும், சுற்றாது. தெருவுக்கு வெளியே தூக்கிக்கொண்டு போய் வைத்தால் ஒன்றும் நடக்காததுபோலச் சுற்றும். மெக்கானிக் வந்தார், பிரேக்கைக் கழற்றினார், பேரிங்குக்கு எண்ணெய் விட்டார், வண்டியில் குற்றமில்லை என்று சொல்லிவிட்டுத் தன் சொந்த ஸ்கூட்டரை முனை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். ஒரு எஞ்சினியர் ரசமட்டம் வைத்துப் பார்த்து, தெருவில் சாய்வும் இல்லை, தெருவுக்குக் கோளாறும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

பிள்ளையை இறக்கச் சொன்ன மறுநாளே உச்சிமாகாளி காவல் நிலையத்துக்குப் போயிருந்தான். எழுத்தர் கேட்டார்: "அடிச்சாங்களா? இல்ல. வஞ்சாங்களா? இல்ல. பிள்ளையக் கையில தூக்கிட்டுப் போன்னு சொல்லிருக்காங்க. தாய் பிள்ளையத் தூக்குறது ஒரு குத்தமா? நான் என்னன்னு எழுத?" எழுதவில்லை. அதே நிலையத்திலிருந்து பெரியவர்கள் வீட்டுச் சக்கரம் நின்ற வழக்கை விசாரிக்க ஜீப்பே வந்தது, தெரு நடுவில் நின்றுபோனது, அதே எழுத்தர் ஜீப்பின் பானட்டில் காகிதத்தை வைத்து நான்கு பக்கம் எழுதினார்.

பிறகு வட்டம் பெருகியது. கிணற்றுக் கப்பி நின்றது. தையல் மெஷின் நின்றது. கிரைண்டர் மாவோடு நின்றது, மின்விசிறி வேர்வையோடு நின்றது, பிள்ளைகள் விட்ட பம்பரம் செத்த ஓணான்போல மல்லாந்தது. தைமாதக் கல்யாணமொன்றில் மாப்பிள்ளையும் பெண்ணும் அக்கினியைச் சுற்றி வரக் கிளம்பி, சுற்ற முடியாமல் நேரே நடந்து சுவரில் போய் முட்டி நின்றார்கள். அதன் பிறகு கல்யாணங்களை வெளியூரில் வைத்தார்கள்.

இதையெல்லாம் பார்த்து அந்தத் தெரு திகைத்தது என்றோ திருந்தியது என்றோ நினைத்தால் நீங்கள் தெருக்களை அறியாதவர்கள். அந்தத் தெரு பழகிக்கொண்டது. பல்லக்குத் தூக்குகிற மாதிரி இரண்டு மூங்கில்களைக் கட்டி, ஆளுக்கு ஒரு முனையாக நான்குபேர் சேர்ந்து, காலையில் புல்லட்டை முனைக்குத் தூக்கிப் போனார்கள், சாயங்காலம் தூக்கி வந்தார்கள். காலனியிலிருந்து தூக்குவதற்கு ஆள் கேட்டுப் பார்த்தார்கள், யாரும் வரவில்லை, தாங்களே தூக்கினார்கள். கார் நின்ற போர்ட்டிகோவில் கோழி அடைந்தது. மூன்று மாதத்தில் அது சிரமமாக இருந்தது, ஆறு மாதத்தில் வழக்கமாக இருந்தது, ஒரு வருஷத்தில் பெருமையாகிவிட்டது. சாமி இந்தத் தெருவில் நின்ற கோலத்தில் இருக்கிறார், அதனால்தான் சக்கரங்கள் மரியாதைக்கு நிற்கின்றன என்று ஒருவர் சொன்னார், தன் அப்பாவும் அப்படித்தான் சொன்னார் என்று இன்னொருவர் சொன்னார். முனையில் போர்டு வைத்தார்கள்: இது சக்கரம் உருளாத புனிதத் தெரு. வெளியூர்க்காரர்கள் வந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். ஒரு பத்து மாதப் பிள்ளையை இறக்கிவிட்ட தெரு என்று எந்தப் போர்டிலும் இல்லை.

சந்தனமாரி குளத்தங்கரையில் போனாள். அரிவாளால் முள்ளை வெட்டி, கல்லைப் புரட்டி, மூன்று சக்கரமும் புழுதியில் மூன்று கோடு போட, செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை இருட்டு விலகுமுன்னே புறப்பட்டாள். மாவுக்கட்டு போய்ப் பட்டைச் சப்பாத்து வந்தது. அகன்ற இருக்கையில் கால்களை அகட்டி வைத்துக்கொண்டு மகிழினி கொக்குகளை எண்ணினாள். வண்டித் தடத்தில் நடப்பது எளிதாக இருந்ததால் காலனிப் பெண்கள் அதில் நடந்தார்கள், நடந்த தடம் அகன்றதால் சைக்கிள்கள் வந்தன, ஏறி உட்கார்ந்தபடியே வந்தன.

இரண்டாவது வருஷம் தேர் நின்றது. தேரடித் தெருவில் நிலைகொண்டிருந்த தேரை இருநூறு பேர் வடம் பிடித்தார்கள், பின்னால் ஜேசிபி முட்டியது, வடம் அறுந்தது, சக்கரம் அசையவில்லை. சாமி உள்ளேயே இருந்துவிட்டார். அன்றைக்குத்தான் அந்தத் தெருவுக்கு முதன்முதலாகப் பயம் வந்தது, மறுநாள் ஐந்து பேர் காலனி முனையில் வந்து நின்று, உள்ளே வராமல், சந்தனமாரியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவள் பட்டைச் சப்பாத்தோடு பிள்ளையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தாள்.

பரமகுருதான் பேசினார். "நடந்தது நடந்து போச்சு. நீ ஒருதடவை இந்த வண்டிய எங்க தெருவுல உருட்டிட்டுப் போயிரு. உச்சி வெயில்ல போ, ஆள் நடமாட்டம் இருக்காது. கதவெல்லாம் சாத்திருப்போம். வண்டிய ஒரு வெள்ளைத் துணியால மூடிக்கிடு. ஒருதடவைதான். உனக்கும் சங்கடமில்ல, எங்களுக்கும் சங்கடமில்ல."

அவள் வண்டியின் பிரேக்கைப் போட்டாள். "மூடி எடுத்துட்டுப் போக என் பிள்ளை என்ன பொணமா?"

பிள்ளையின் சப்பாத்தைச் சரிசெய்துவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"நான் வாரேன். வரமாட்டேன்னு சொல்லல. காலையில எட்டு மணிக்கு வாரேன். கதவெல்லாம் திறந்திருக்கணும். அன்னைக்கு நின்ன மூணு பேரும் அதே இடத்துல நிக்கணும், பாக்கணும். அப்புறம் தினமும் வருவேன். நான் மட்டுமில்ல, எங்க ஆளுக எல்லாரும் ஏறி உட்கார்ந்துட்டு வருவாங்க."

"பாத்தீரா வே," என்றார் அன்றைக்குத் தலையாட்டியவர், முதல்முறையாக வாய் திறந்து, "இறங்கி வந்து கேட்டா எவ்வளவு ஏத்தம்!"

போய்விட்டார்கள். தேர் இல்லாத திருவிழாவும் பழகிவிடும் என்று முடிவு செய்தார்கள், அடுத்த வருஷம் பழகியும் விட்டது. யோசித்துப் பாருங்கள், ஒரு குழந்தை தெருவில் உட்கார்ந்து போவதற்கு இடம் கொடுப்பதைவிட, புழுக்கத்தில் வேர்த்துச் சாவதும், கையால் மாவரைப்பதும், இரும்புக்குதிரையைத் தோளில் சுமப்பதும், சாமியைப் பூட்டி வைப்பதும் அவர்களுக்கு லேசாக இருந்தது. அந்தத் தெருப் பையன்களுக்கு வலது தோள் இறங்கிப்போனது. விசிறி சுற்றாத வீட்டுக்குப் பெண் கொடுக்க ஆளில்லை. ஒவ்வொரு குடும்பமாகக் கட்டிலையும் பீரோவையும் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போய், மிஞ்சியது ஆறு வீடு.

குளத்தங்கரைத் தடம் இதற்குள் சரளை ரோடாகி, தார் ரோடாகி, மினிபஸ் வர ஆரம்பித்திருந்தது. டீக்கடை அங்கே போனது, ரேஷன் கடை அங்கே போனது, பழைய பஸ் நிறுத்தத்துக்குத் தேரடித் தெருவைத் தவிர வேறு துணையில்லை.

ஐந்தாவது வருஷம் பரமகுருவுக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. மகன்கள் சக்கர நாற்காலி வாங்கி வந்தார்கள். அது அவர் வீட்டு வாசலில் சுற்றவில்லை, அவர் வீட்டுக்குள் சுற்றவில்லை, உச்சிமாகாளி கண்ணாடிபோலப் பதித்திருந்த கூடத்துத் தரையில் கூட ஒரு விரற்கடை நகரவில்லை. தங்கப்பழம் தினமும் அப்பனைக் கையில் ஏந்தி இருநூற்றுப் பத்தடி நடந்து, முனையில் நாற்காலியில் உட்காரவைத்து, தள்ளிக்கொண்டு போய் மினிபஸ் நிற்கிற இடத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போவான். கிழவர் தூக்கப்படும்போது கண்ணை மூடிக்கொள்வார்.

ஒருநாள் சாயங்காலம் நான்கு மணிக்கு மினிபஸ்ஸிலிருந்து சந்தனமாரி இறங்கினாள். "சந்தனமாரி," என்று ஒரு குரல் கேட்டது. வாய் கோணியிருந்தாலும் பெயர் தெளிவாக வந்தது. அவர் அந்தப் பெயரைச் சொல்வது அதுதான் முதல்முறை.

"உன் பிள்ளைய அந்த வண்டில வச்சு எங்க தெருவுல தள்ளிட்டுப் போம்மா. எட்டு மணிக்கே போ. கதவெல்லாம் திறந்து வைக்கச் சொல்லுதேன். தினமும் போ. எல்லாரும் போங்க."

சந்தனமாரி திரும்பிக் கையைக் காட்டினாள். தார் ரோட்டில் புத்தகப்பை முதுகில் குதிக்க ஒரு பெண் பிள்ளை ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு ஓடியது, பாதம் இரண்டும் முன்னே பார்க்க, புழுதி பறக்க.

"அந்தா ஓடுதாளே, அவதான் அந்தப் பிள்ளை. அவள வண்டில உட்காரச் சொல்லுங்க, பாப்போம்."

கிழவர் பார்த்தார். கண்ணில் நீர் வந்தது, அது வியாதியால் வருவதா வேறா என்று சொல்ல முடியாது.

"பிள்ளைக வளர்ந்துரும்னு உங்களுக்கு யாரும் சொல்லலியா?" என்றாள் அவள். குரல் உயரவில்லை, ஆனால் டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசைக் கீழே வைத்தார்கள். "ரெண்டு வருஷம் இருந்துச்சு ஐயா உங்களுக்கு. ரெண்டு வருஷமும் நான் முள்ளுல தள்ளிட்டுப் போனேன். நீங்க பைக்கத் தூக்கிட்டுத் திரிஞ்சீங்க."

"அந்த வண்டி?"

"கைமாறி கைமாறிப் போய் இப்ப எங்க காலனியில பாண்டிச்செல்வி வீட்டுல நிக்கி. அவ பிள்ளை நாலாவது பிள்ளை அதுல."

"நீ அவகிட்டச் சொல்லேன்."

"அன்னைக்கு நீங்க சொன்னதைக் கேட்டு நான் பிள்ளையத் தூக்கினேன். அதோட சரி. நீங்களே போய்க் கேளுங்க." மகளைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அவர் அன்றும் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, எழுபத்து நான்கு வயதில் ஒருமுறைகூட மிதித்திராத காலனிக்குள், தங்கப்பழம் தள்ள, நாற்காலியில் உட்கார்ந்தபடியே வந்தார். தார் ரோட்டிலும் சக்கரம் சுற்றியது, காலனி மண்ணிலும் சுற்றியது. வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். யாரும் அவரை மறிக்கவில்லை, இறங்கு என்று சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை.

பாண்டிச்செல்வி வாசலில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். சுவர் நிழலில் அந்த வண்டி நின்றது, துணி ஒட்டுப்போட்டு, டயர் புதுசு மாற்றி. அதில் ஏழு மாதப் பிள்ளை வாயைத் திறந்து தூங்கியது. தங்கப்பழம் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மீனைப் பார்த்தான். கிழவர் கேட்க வந்ததைக் கேட்டார், கோணிய வாயால், இரண்டு தடவை நிறுத்தி, நெடுநேரம்.

அவள் கடைசி வரை கேட்டாள். கத்தியைக் கழுவினாள், கையைக் கழுவினாள்.

"இப்பத்தான் தூங்குது," என்றாள். "எந்திரிக்கட்டும். கேட்டுட்டுச் சொல்லுதேன்."

"யாருகிட்ட கேப்ப?"

"பிள்ளைகிட்டதான். உட்காரப் போறது அதுதானே."

அவர் காத்திருந்தார். சுவர் நிழல் மெல்ல நகர்ந்து பிள்ளையின் பக்கம் போனது. வெயில் அவர் முழங்காலில் ஏறி, மடியில் ஏறி, நெஞ்சில் ஏறியது. தங்கப்பழம் போவோமா என்று கேட்க, கிழவர் தலையை அசைத்தார், வேண்டாம் என்று. அன்றைக்கென்று பார்த்து அந்தக் குழந்தை வெகுநேரம் தூங்கியது.